சென்னையில் வாடகை வீடு மாறுகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு மாறப்போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சென்னையை மனதில் வைத்து எழுதியது. கோவை, மதுரை, திருச்சிக்கும் சட்டம் ஒன்றுதான், வழக்கம் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

எந்த மாதத்தில் வீடு தேடினால் நல்லது?

மே, ஜூனில் பள்ளிக்கூடத்தைக் கணக்கு வைத்து எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். கூடவே ஆடி பிறப்பதற்குள் குடியேறிவிட வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்வதால் ஆனி மாதம் முழுக்க வீட்டுக்கு அடிதடிதான். காலையில் பார்த்துவிட்டு "சாயங்காலம் சொல்றோம்" என்று வந்தால், சாயங்காலம் அந்த வீடு இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கதை தலைகீழ். காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு ஆள் வர மாட்டார்கள், ஓனருக்கு ஒரு மாத வாடகை போகிறதே என்ற கவலை இருக்கும், பேரம் பேச அதைவிட நல்ல நேரம் கிடையாது. உங்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால் தாராளமாக ஆடியில் தேடுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றால் அதற்கும் ஊரில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஆனி முடிவதற்குள் ஒரு நல்ல நாளில் போய்ப் பால் மட்டும் காய்ச்சிவிடுவது, சாமான்களை ஆடியில் நிதானமாக ஏற்றிக்கொள்வது. ஆனால் வாடகை பால் காய்ச்சிய நாளிலிருந்தா, குடியேறிய நாளிலிருந்தா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

காலி செய்வதை ஓனரிடம் எப்படிச் சொல்வது?

முதலில் நேரில், மரியாதையாக. அன்றைக்கே வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி: "சார், இன்று நேரில் சொன்னபடி ஒப்பந்தத்தில் உள்ள ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, வரும் 31-ஆம் தேதி வீட்டை ஒப்படைக்கிறோம்." அவ்வளவு போதும். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை; பின்னால் "நீங்க சொல்லவே இல்லையே, இன்னொரு மாச வாடகை ஆகுது" என்று வரும்போது இந்த ஒரு வரிதான் கைகொடுக்கும். புது வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து உறுதியான பிறகு நோட்டீஸ் கொடுங்கள், கோபத்தில் கொடுக்காதீர்கள்.

நோட்டீஸ் கொடுத்ததிலிருந்து தினமும் யாரையாவது வீடு காட்டக் கூட்டி வருகிறார் ஓனர். குளிக்கக்கூட முடியவில்லை.

24 மணி நேரம் முன்பே தெரிவித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பது தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் சட்டம் பேசுவதைவிட, "சனி, ஞாயிறு பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை யாரை வேண்டுமானாலும் கூட்டி வாருங்கள் சார், மற்ற நாளில் ஒரு போன் பண்ணிடுங்க" என்று நீங்களே நேரம் குறித்துக் கொடுத்துவிடுவது நல்லது. அடுத்த ஆள் சீக்கிரம் கிடைத்தால் உங்கள் அட்வான்ஸும் சீக்கிரம் வரும் என்பதால் இதில் ரொம்ப முறுக்கிக்கொள்ள வேண்டாம்.

புது வீட்டைப் பார்க்கப் போகும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் குழாயைப் பாருங்கள். பாத்ரூம் குழாயின் மூக்கிலும் ஷவர் தட்டிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் போர் தண்ணீர் உப்பு. துணி, முடி, வாஷிங் மெஷின் மூன்றும் பாழ். மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, அது சம்ப்புக்கு வருகிறதா இல்லை கீழே ஒரு அடிபம்பு மட்டும்தானா, கோடையில் லாரி வாங்கினால் அந்தக் காசு மெயின்டனன்ஸில் அடங்குமா, தனியா என்று கேளுங்கள். 2019 கோடையைச் சென்னையில் கழித்த யாரும் இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள்.

அடுத்தது மழை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று ஓனரைக் கேட்டால் "நம்ம தெருவுல வரவே வராதுங்க" என்றுதான் சொல்வார். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும்கூட அதே பதில்தான் கிடைக்கும்! அதனால் எதிரில் உள்ள பெட்டிக்கடையிலோ இஸ்திரி வண்டிக்காரரிடமோ கேளுங்கள். அவர்களுக்குப் பொய் சொல்ல அவசியமில்லை. அப்புறம் தரைத்தளத்து பார்க்கிங் சுவரைப் பாருங்கள். பெயின்ட் அடித்திருந்தாலும் தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு கோடு தெரியும், அதற்குக் கீழே பூச்சு உப்பிப் பொரிந்திருக்கும். மீட்டர் பெட்டியை மட்டும் ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி மாட்டி, பழைய இடத்தில் ஆணித் துளைகள் இருந்தால் வேறு யாரையும் கேட்கவே வேண்டாம். ரோடு மேலே மேலே போட்டு, வீட்டு வாசல் பள்ளத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல்மாடி வீடு என்றால் மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு எல்லா மொட்டை மாடி வீடும் ஊட்டிதான். உள்ளே நின்று ஒரு போன் பேசிப் பாருங்கள், சிக்னல் கிடைக்காத படுக்கையறைகள் நிறைய உண்டு. பைக் நிறுத்த இடம் எது என்பதைக் கையால் காட்டச் சொல்லுங்கள்.

புரோக்கருக்கு எவ்வளவு கொடுப்பது?

சென்னை வழக்கம் ஒரு மாத வாடகை. சிலர் பாதிக்கும் ஒத்துக்கொள்வார்கள். ஓனரிடமும் வாங்கிக்கொள்வார்கள், அது உங்கள் கவலை இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் முழுப் பணமும் கொடுக்காதீர்கள், "வீடு காட்டக் கூலி" என்று தனியாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

சைவமா, அசைவமா, பேச்சிலரா, "நீங்க என்ன ஆளுங்க?" என்றெல்லாம் கேட்கிறார்களே?

கேட்பார்கள். சிலர் நேராக, சிலர் சொந்த ஊரையும் குலதெய்வத்தையும் விசாரித்துச் சுற்றி வந்து. இதை நியாயப்படுத்த நான் தயாராக இல்லை, சகித்துப் போகவும் சொல்ல மாட்டேன். ஆனால் நடைமுறையில் ஒன்று: பொய் சொல்லி உள்ளே போகாதீர்கள். மீன் குழம்பு வாசனைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழ்கிற வீட்டுக்கு மாதம் இருபதாயிரம் கொடுப்பது தண்டம். வீட்டை உங்கள் பணத்துக்குக் கொடுக்கிற ஓனர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள், தேட நாள் ஆகும் என்பதுதான் கஷ்டம்.

அட்வான்ஸ் பத்து மாதம் கேட்கிறார்கள். சட்டப்படி சரியா?

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது. ஆனால் "ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாத பட்சத்தில்" என்று ஒரு கதவையும் சட்டமே திறந்து வைத்திருப்பதால், நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஐந்தும் பத்தும் போய்க்கொண்டேதான் இருக்கும். எனவே பேச வேண்டிய இடம் கையெழுத்துக்கு முன்னால். "பத்து முடியாது சார், மூணு தர்றேன், வாடகை ஒண்ணாம் தேதி கணக்குல விழும்" என்று சொல்லிப் பாருங்கள். ஆடியில் சொன்னால் இன்னும் எடுபடும்.

பணத்தை வங்கி வழியாகவோ ஜிபே வழியாகவோ மட்டும் கொடுங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால் தொகை, தேதி, வீட்டு முகவரியோடு ரசீது.

ஒப்பந்தத்தில் என்ன பார்க்க வேண்டும்? ஏன் எப்போதும் 11 மாதம்?

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த பழக்கம் அது. இப்போது புது வாடகைச் சட்டப்படி 11 மாதமாக இருந்தாலும் எழுத்து ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பலர் செய்வதில்லை. பதிவு எண் இருந்தால் நாளைக்கு ஒரு தகராறு என்று போகும்போது உங்கள் பேச்சுக்கு எடை கூடும், அதனால் ஓனரை நச்சரித்தாவது செய்துவிடுங்கள்.

படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாத இடங்கள் நான்கைந்துதான். நோட்டீஸ் காலம் இருவருக்கும் ஒன்றா. வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றுவார். மெயின்டனன்ஸ் வாடகைக்குள்ளேயா, வெளியேயா. அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு கழிப்பார். கடைசி இரண்டும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் மழுப்பலாகத்தான் இருக்கும். பேனாவால் எழுதி இருவரும் சுருக்கொப்பம் போட்டாலே போதும்.

வருட வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால், ஆபீஸில் வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்க ஓனரின் பான் எண் வேண்டும். அதையும் இப்போதே கேட்டு வாங்குங்கள், மார்ச்சில் கேட்டால் போனை எடுக்க மாட்டார்.

மாத வாடகை வேண்டாம், லீஸுக்குப் போகலாமா?

மதுரைப் பக்கம் ஒத்தி என்பார்கள். மொத்தமாக ஐந்து லட்சம், எட்டு லட்சம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பது, காலி செய்யும்போது பணம் முழுசாகத் திரும்பும் என்பது பேச்சு. கேட்க இனிப்பாக இருக்கும். அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து ஓனர் தவணை கட்டாமல் விட்டால், வங்கி வந்து சீல் வைக்கும்போது உங்கள் எட்டு லட்சத்தை யாரிடம் போய்க் கேட்பீர்கள்? வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்து, பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய ஓனர் ஒத்துக்கொண்டால் மட்டும் யோசியுங்கள். அதையும் கடந்து எனக்கு இதில் நம்பிக்கை கம்மி.

பழைய அட்வான்ஸ் கைக்கு வந்தால்தான் புது வீட்டுக்குக் கொடுக்க முடியும். என்ன செய்வது?

எல்லோருடைய பிரச்சினையும் இதுதான். சட்டப்படி வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்ப வேண்டும். நிஜத்தில் "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தா தர்றேன்" என்பார்கள், ஏனென்றால் உங்கள் பணம் அவருடைய பெண்ணின் காலேஜ் பீஸாக எப்போதோ போய்விட்டது.

நோட்டீஸ் கொடுக்கும்போதே, கடைசி ஒன்றிரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளும்படி கேளுங்கள். அவருக்கும் கையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டிய தொகை குறையும், பெரும்பாலும் சம்மதிப்பார். முழுக்கக் கழிக்க விட மாட்டார், ஈ.பி. பாக்கி, ரிப்பேர் என்று கொஞ்சம் கையில் வைத்திருக்கத்தான் பார்ப்பார், அது நியாயம்தான். புது ஓனரிடமும் டோக்கன் கொடுத்துவிட்டு மீதியைச் சாவி வாங்கும் நாளில் தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். பழைய ஓனரிடம் கேட்காமல் நீங்களாக வாடகையை நிறுத்தாதீர்கள்.

பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைக் கழிக்கிறார். கொடுக்க வேண்டுமா?

சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று பிரித்துப் போட்டிருக்கிறது. வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய்ப் பதிப்பு, வயரிங் எல்லாம் ஓனர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்ற சில்லறை வேலை குடியிருப்பவர் தலையில். புழங்கியதால் வரும் சாதாரணத் தேய்மானத்துக்கும் நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதி நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தால் வாதாடுவது கஷ்டம்.

ஒப்படைக்கும் நாள் எப்படிப் போகும் என்றால், வீடு காலியானதும் ஓனர் வருவார், பெரும்பாலும் வீட்டுக்கார அம்மாவும் கூடவே. சார் ஹாலில் நிற்பார், அம்மா நேராகச் சமையலறைக்குப் போய் சிங்க் அடியைத் திறந்து பார்ப்பார். கேஸ் அடுப்புக்குப் பின்னால் உள்ள டைல்ஸில் விரலைத் தேய்ப்பார். அப்புறம் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அணைப்பார், ஆணித் துளைகளை எண்ணுவார். இதற்கு முந்தின நாளே நீங்கள் தயாராகிவிடலாம்: ஆணிகளைப் பிடுங்கித் துளைகளில் ஒயிட் சிமென்ட் அடைப்பது, ஒட்டுக் கொக்கிகளை ஹேர் டிரையரால் சூடுபடுத்தி எடுப்பது, எண்ணெய்ப் பிசுக்கு டைல்ஸை ஒருமுறை தேய்ப்பது, ஃபியூஸ் போன பல்பை மாற்றுவது. நூறு, இருநூறு ரூபாய் வேலைக்கு அவர்கள் கணக்கில் மூவாயிரம் எழுதுவார்கள். குடிவந்த அன்று எடுத்த வீடியோ போனில் இருந்தால், "இந்த டைல்ஸ் அப்பவே உடைஞ்சிருந்தது ஆன்ட்டி, பாருங்க" என்று காட்டிவிடலாம், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதனால் புது வீட்டுக்குள் முதல் சாமான் போகும் முன் எல்லா அறையையும் வீடியோ எடுத்து, அன்றைக்கே ஓனருக்கும் அனுப்பி வையுங்கள்.

கணக்கை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தரவே மாட்டேன் என்கிறார் என்றால் முதலில் எழுத்தில் கேளுங்கள், அப்புறம் வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம் என்று சட்டத்தில் வழி இருக்கிறது. வாடகை அதிகாரி துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர்.

சீக்கிரம் காலி பண்ணு என்று மோட்டாரை அணைத்துவிடுகிறார்.

தண்ணீர், மின்சாரத்தை ஓனர் நிறுத்தக் கூடாது. இதுவும் அதே சட்டம்தான், வாடகை அதிகாரியிடமே புகார் கொடுக்கலாம்.

பேக்கிங்கை எங்கே ஆரம்பிப்பது?

பரணிலிருந்து. அங்கே இருப்பதில் பாதி போன வீட்டிலிருந்து வந்து பிரிக்கப்படாமலே கிடப்பதுதான், அதைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிட்டாலே ஒரு ட்ரிப் மிச்சம். அடுத்து புத்தகம், விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் பாத்திரம், பட்டுப்புடவை. சமையலறை கடைசியில்.

அட்டைப்பெட்டிக்கு மளிகைக் கடையில் சொல்லி வையுங்கள். கண்ணாடி டம்ளர், ஊறுகாய் ஜாடி எல்லாவற்றுக்கும் டாஸ்மாக் பெட்டியை அடிக்க ஆளில்லை, உள்ளேயே பாட்டிலுக்குப் பாட்டில் தடுப்பு இருக்கும். மாமியார் முகம் சுளித்தால் வெளியே நியூஸ் பேப்பர் ஒட்டிவிடுங்கள். புத்தகத்தைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், தூக்குகிறவர் முதுகு போய்விடும், பெட்டியின் அடியும் போய்விடும். துணிமணிக்குப் பெட்டியே வேண்டாம், பழைய பெட்ஷீட்டில் மூட்டை கட்டினால் பாத்திரங்களுக்கு நடுவில் முட்டுக்கொடுக்கவும் ஆகும். அரிசி, பருப்பு டப்பாக்களை டேப் போட்டு ஒட்டுங்கள். வீடு மாற்றும் நாளுக்குள் எண்ணெயைத் தீர்த்துவிடுவது உத்தமம். கிரைண்டர் கல்லைக் கழற்றித் தனியாக எடுத்துப் போங்கள்.

கட்டிலைக் கழற்றியதும் அதன் போல்ட் நட்டுகளை ஒரு கவரில் போட்டுக் கட்டில் சட்டத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். டி.வி. பின்னால் எந்த ஒயர் எதில் என்று ஒரு போட்டோ.

ஒரு பை மட்டும் வண்டியில் ஏறவே கூடாது: நகை, பத்திரங்கள், ஒரிஜினல் சான்றிதழ்கள், மாத்திரை, சார்ஜர், இரண்டு செட் துணி, ஒரு ஸ்க்ரூ டிரைவர். அது உங்கள் தோளில்தான் வர வேண்டும்.

குட்டியானை போதுமா, பேக்கர்ஸ் ஆட்களைக் கூப்பிட வேண்டுமா?

ஒரு படுக்கையறை வீடு, பக்கத்து ஏரியா என்றால் குட்டியானையும் இரண்டு ஆட்களும் போதும், வேண்டுமானால் இரண்டு ட்ரிப். இரண்டு படுக்கையறை, பீரோ, சோபா என்றால் டாடா 407 மாதிரி வண்டி. பேசும்போதே எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, லிஃப்டில் பீரோ நுழையுமா, தெருவுக்குள் வண்டி வருமா என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். மூன்றாவது மாடி என்று அங்கே போய்ச் சொன்னால் வாசலிலேயே சண்டை.

வெளியூர் மாற்றலுக்கு பேக்கர்ஸ் தேவைப்படும். ரொம்பக் குறைந்த ரேட் சொல்கிறவர்களிடம் உஷார். பாதி வழியில் வண்டியை நிறுத்திக் கூடுதல் பணம் கேட்கிற கூட்டம் இருக்கிறது. சாமான் பட்டியல், மொத்தத் தொகை, ஜிஎஸ்டி பில் எல்லாம் எழுத்தில் வாங்கி, பாதிப் பணத்தையாவது இறக்கிய பிறகு கொடுங்கள். வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாடு, டீ உங்கள் செலவு. ரேட்டில் சேர்த்தி இல்லை என்றாலும் அதில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி?

ஃப்ரிட்ஜை முந்தின ராத்திரியே அணைத்து ஐஸை உருகவிட்டு, நிமிர்த்தியபடியே ஏற்றச் சொல்லுங்கள். படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் சில மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டுப் போடுங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு வாங்கியபோது கழற்றிக் கொடுத்த நீள போல்ட்டுகள் எங்கேயாவது இருக்கும், தேடி எடுத்துத் திரும்ப மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழியில் டிரம் ஆடி நாசமாகும். ஸ்ப்ளிட் ஏசியைக் கழற்றும் மெக்கானிக் கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் பைப்பைக் கழற்ற வேண்டும். அவர் நேராக ஸ்பானரை எடுத்தால் நிறுத்துங்கள், புது வீட்டில் கேஸ் நிரப்ப அவரே தனி பில் போடுவார்.

பால் காய்ச்ச என்னென்ன வேண்டும்?

சாமி படம், விளக்கு, மஞ்சள், உப்பு, அரிசி, ஒரு குடம் தண்ணீர், பால், புதுப் பாத்திரம். அடுப்பும் தீப்பெட்டியும் மறந்துவிடும்! பக்கத்து வீட்டுக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்து அறிமுகமாகிவிடுங்கள். குப்பை வண்டி எத்தனை மணிக்கு, மெட்ரோ தண்ணீர் எந்த நேரம் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

கேஸ் இணைப்பை எப்படி மாற்றுவது?

அதே ஊருக்குள் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைக்க வேண்டாம். பழைய ஏஜென்சியின் எல்லைக்குள்ளேயே என்றால் முகவரி மட்டும் மாற்றலாம், எல்லை தாண்டினால் புது ஏஜென்சிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வெளியூர் என்றால் இரண்டையும் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, மாற்றுச் சீட்டு வாங்கிப் போய் அங்கே புதிதாக எடுக்க வேண்டும். ரெகுலேட்டரைத் தொலைக்காதீர்கள்.

ஈ.பி. கணக்கை எப்படி முடிப்பது?

கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நீங்கள் காலி செய்வதோ நடுவில். காலி செய்யும் நாள் மீட்டரை போட்டோ எடுத்து, கடைசிக் கணக்கெடுப்பிலிருந்து எத்தனை யூனிட் என்று பார்த்து ஓனரிடம் தீர்த்துவிடுங்கள். புது வீட்டிலும் நுழைகிற நாளே மீட்டர் போட்டோ, கூடவே பழைய பாக்கி இருக்கிறதா என்று இணைப்பு எண்ணை வைத்து இணையத்தில் பார்த்துவிடலாம்.

தனி மீட்டரா, சப் மீட்டரா என்பது முக்கியம். 2016 முதல் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை உங்களுக்கு என்று தனி இணைப்பு இருந்தால்தான் உங்கள் கைக்கு வரும். ஒரே இணைப்பில் மூன்று போர்ஷன் ஓடினால் மொத்த யூனிட் எகிறி மேல் அடுக்குக்குப் போய்விடும், ஓனர் யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே ரேட்டாக வாங்குவார். வாடகை இரண்டாயிரம் குறைவாக இருக்கிறதே என்று போய், ஏசி போடும் மாதங்களில் அதற்கு மேல் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆதார், ரேஷன், வாக்காளர் அட்டை?

ஆதார் முகவரியை இணையத்திலேயே மாற்றலாம், வாடகை ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்பார்கள், அதனால் முதலில் அதை முடியுங்கள். பிறகு ஸ்மார்ட் ரேஷன் கார்டு. மாற்றாவிட்டால் பொங்கல் பரிசு நேரத்தில் பழைய ஏரியா கடைக்குப் பஸ் ஏறிப் போக வேண்டியிருக்கும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. தொகுதிக்குள் மாறினாலும் தொகுதி விட்டுத் தொகுதி மாறினாலும் இப்போது அதுதான். இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2025 இறுதியில் தமிழ்நாட்டில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் "முகவரியில் இல்லை, குடிபெயர்ந்தார்" என்று லட்சக்கணக்கான பெயர்கள் வரைவுப் பட்டியலிலிருந்து போயின, அதில் வாடகை வீட்டுக்காரர்கள் ஏராளம்.

வங்கி, இன்ஷூரன்ஸ், பள்ளிக்கூட வேன், இன்டர்நெட் இணைப்பு இவற்றுக்கும் சொல்லிவிடுங்கள். இன்டர்நெட்டுக்கு மட்டும் பத்து நாள் முன்பே, புது ஏரியாவில் அவர்கள் லைன் இல்லாமலும் போகலாம்.

வேறு ஏதாவது மறந்துவிடுவோமா?

பழைய வீட்டின் மொட்டை மாடிக் கொடியில் காயும் துணி, சிலிண்டர் டியூப், பாத்ரூம் கதவுக்குப் பின்னால் மாட்டிய துண்டு, கேட் சாவியின் இரண்டாவது செட். சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப்பில் முகவரியை மாற்றாமல் முதல் நாள் ராத்திரி பிரியாணி பழைய வீட்டுக்குப் போய்ச் சேருவதும் நடப்பதுதான். பழைய வாட்ச்மேனிடமோ கீழ் வீட்டுக்காரரிடமோ உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள், ஆறு மாதத்துக்காவது கூரியரும் தபாலும் அங்கேதான் வரும்.